சூரியன் வந்து உட்காரும் கல்

காசு கொடுத்துக் கூரையில் ஓட்டை போட்டுக்கொண்ட ஊர் எங்கள் ரொவெரெல்லா. பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் ஊரில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குப் பசியெடுத்தால் நண்பகல் மணி அடிக்கும். எங்கள் ஊரில் சூரியன் சொன்னால்தான் அடிக்கும்.

புனித மார்த்தா கோயிலின் தெற்குக் கூரையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அந்தத் துளை இருக்கிறது. அதன் வழியே இறங்கும் வெயில், தரையில் ஒரு சின்ன ரொட்டி அளவுக்கு வட்டமாக விழும். தெற்கு வடக்காகத் தரைக் கற்களில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருக்கிறது. வெயில் வட்டம் மேற்கிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து பட்டையைத் தாண்டும் நேரம்தான் நண்பகல். குளிர்காலத்தில் வட்டம் எங்கோ வடக்குக் கோடியில் போய்த் தாண்டும். வெயில் காலம் வர வர, சூரியன் மேலே ஏற ஏற, வட்டம் தெற்கே துளையை நோக்கி வரும். ஆண்டிலேயே நீண்ட பகலன்று ஒரு கல்லின் நடுவே வந்து நிற்கும். மறுநாளிலிருந்து திரும்பிப் போக ஆரம்பித்துவிடும்.

அந்தக் கல் வெறுங்கல் அல்ல. அதற்குக் கீழே மெங்கீனா கிடந்தாள்.

கயிறு திரிக்கும் கஸ்பரேவுக்கும் ஒர்சோலாவுக்கும் இருந்த ஒரே பெண் அவள். தொண்டை அடைப்பான் வந்த வருஷம் ஊரில் பாதித் தொட்டில்கள் காலியாயின. அதில் அவளும் போனாள். கஸ்பரே கடன் வாங்கிக் கோயிலுக்குள்ளே குழி வாங்கினான். மூன்று பேருக்கான குழி. பிள்ளை முன்னால் போய்விட்டாள், நாங்கள் பின்னால் வருகிறோம் என்று கல்லில் செதுக்கச் சொன்னான். எழுத்துக்குக் காசு போதாமல் பெயர் மட்டும் செதுக்கினார்கள்.

சில ஆண்டுகள் கழித்துப் பட்டை பதிக்கப் புறப்பட்டார் எங்கள் பங்குச்சாமி செவேரோ. கோடு சரியாக அந்தக் கல்லின் மேல்தான் போயாக வேண்டியிருந்தது. சாமி ஒர்சோலாவிடம் போய் நின்றார். அவருக்கு அவளிடம் கேட்க உரிமை உண்டு. பிறந்தவுடன் தாயை இழந்த செவேரோவுக்குப் பால் கொடுத்தவள் ஒர்சோலாவின் தாய். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குடித்து வளர்ந்தவர்கள். மெங்கீனாவுக்குத் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான், ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான்.

"கல்ல நடுவுல வெட்டிப் பட்டை வைக்கணும் ஒர்சோலா. உனக்குச் சம்மதமில்லன்னா சொல்லிடு."

"புள்ளைக்கு வலிக்காதே?" என்று கேட்டாள் ஒர்சோலா. கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

"வலிக்காது. இன்னொண்ணு சொல்றேன் கேளு. வருஷத்துக்கு ஒருநாள், நீண்ட பகலன்னைக்கு, சூரியனே இறங்கி வந்து அவ மேல உக்காரும். ராஜா வீட்டுப் புள்ளைக்குக்கூட அது கெடைக்காது."

அந்த வார்த்தை அவளை அப்படிப் பிடித்துக்கொண்டது. கோடு நேராக வரவேண்டும் என்று இழுத்துக் கட்டிய நூலைத் திரித்துக் கொடுத்தவனே கஸ்பரேதான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் பின்னுக்குப் பின்னாக நடந்தான், கயிறு திரிப்பவர்கள் நடக்கிற மாதிரி. அதிலிருந்து ஒவ்வொரு நீண்ட பகலன்றும் கணவனும் மனைவியும் ஒரு கூடைச் செர்ரியோடு வருவார்கள். வட்டம் பிள்ளையின் கல்லில் வந்து உட்கார்ந்து போகும்வரை நிற்பார்கள். பிறகு செர்ரியை எல்லோருக்கும் கொடுப்பார்கள். மெங்கீனாவுக்குச் செர்ரி என்றால் உயிர்.

இவ்வளவும் நல்லபடியாகத்தான் இருந்தது. கெட்டது எங்கே ஆரம்பித்தது என்றால், செவேரோ சாமிக்கு மணி அடிப்பதோடு மனம் நிறையவில்லை. சூரியன் ஏறும் அந்த உச்சி எல்லையே காலப்போக்கில் மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்குகிறது என்பது அவருடைய கட்சி. இல்லை, கடவுள் வைத்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள் பெரிய ஊர்ப் படிப்பாளிகள். அதில் ஸ்கர்பெல்லி என்ற சாமி, "கிராமத்துக் கோயில் கூரையில் குருவிதான் கூடு கட்டும்" என்றே கேலி பேசினார். செவேரோ சாமி ஆண்டுக்கு ஆண்டு அளந்தார். வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கடைசியில் ஸ்கர்பெல்லியே நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த ஜூன் மாதம்தான் வருகிறார். சாமிக்கு ஊண் உறக்கம் இல்லை.

அந்த ஜூன் மாதம்தான் கஸ்பரேயும் செத்தான்.

ஒர்சோலா கோயிலின் சாமான் அறைக்குள் வந்தபோது சாமி பூசைக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செவேரோ, அவரு போயிட்டாரு."

"கேள்விப்பட்டேன். நேத்து எண்ணெய் தடவி அவஸ்தைப்பூசுதல் குடுத்தப்பவே தெரிஞ்சுது."

"நாளைக்குக் காலைல பூசை வச்சு எறக்கிடலாம். வேனக்காலம், வச்சிருக்க முடியாது. கல்லத் தூக்க நம்ம கயித்துப் பட்டறைப் பசங்க கயிறு கொண்டாருவாங்க."

சாமி துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தார். "கல்லத் தூக்க முடியாது ஒர்சோலா."

"ஏன், கனமா? கப்பலுக்கே கயிறு திரிக்கிறவங்கய்யா அவங்க."

"கனம் இல்ல. கல்லு எழுந்தா பட்டையும் எழும். திரும்ப வச்சா அடியில புதுச் சுண்ணாம்பு போடணும். அது காயக் காயக் கல்லு எறங்கும். மட்டம் போச்சுன்னா எல்லாம் போச்சு. நீண்ட பகல் இதோ வந்துருச்சு, பெரிய ஊர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. என் வாழ்நாள் பூரா..."

"அதனால?"

"இப்போதைக்கு ஆத்தங்கரைக் கல்லறையில வைப்போம். குளிர்காலத்துல நானே எடுத்து உள்ள வைக்கிறேன். என் வாக்கு."

"எடுத்து எடுத்து வைக்க அவரு என்ன சணல் மூட்டையா? அங்க யாரப் புதைக்கிறாங்கன்னு தெரியாதா உனக்கு? ஆத்துல மெதந்து வர்றவன, ஊர் பேர் இல்லாதவன."

"அதுவும் மந்திரிச்ச மண்ணுதான்."

"அப்ப நீ போய்ப் படுத்துக்கோயேன்!"

ஒர்சோலா மூச்சு வாங்கினாள். குரலைத் தணித்துக்கொண்டு, "உன்ன நம்பித்தானே கல்ல வெட்டக் குடுத்தோம். மூணு பேருக்குன்னு வாங்கினது. புள்ள தனியாக் கெடக்கா" என்றாள்.

"இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கோ. ஒரே ஒரு வருஷம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானைத் துணியால் மூக்கைத் துடைத்தாள்.

"சரிங்க சாமி" என்றாள்.

பிறந்ததிலிருந்து தனியே இருக்கும்போது அவள் அவரைச் 'சாமி' என்றோ 'நீங்க' என்றோ கூப்பிட்டதே இல்லை. முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடச் சாமிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் ஆற்றங்கரையில் அவரே மந்திரம் சொல்லிக் கஸ்பரேயை இறக்கினார். கயிற்றுக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கையால் மண் அள்ளிப் போட்டபோது இவன்தானே நூலைப் பிடித்தவன் என்று அவருக்குத் தோன்றியது. தான் செய்தது தப்பு என்று அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் செய்தார். படித்தவர்களுக்கு இது ஒரு வசதி. செய்வதற்கு முன்பே வருத்தப்படவும் தெரியும், வருத்தப்பட்டுக்கொண்டே செய்யவும் தெரியும்.

இனி ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். பட்டையை ஒட்டிக் கல்லில் சன்னமான ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. நீண்ட பகலுக்கு முன்னால் அதில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பது வழக்கம். எங்காவது தண்ணீர் ஆழமாக நின்றால் அங்கே கல் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். கல் கொஞ்சம் தாழ்ந்தாலும் வெயில் வட்டம் அங்கே வடக்கே தள்ளிப்போய் விழும். சூரியன் உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதுபோல் காட்டும்.

அந்த ஆண்டும் சாமி செம்பில் தண்ணீரோடு போனார். வடக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மெங்கீனாவின் கல் வந்தது. அதன்மேல் மண்டியிட்டுக் குனிந்தால்தான் வாய்க்கால் தெரியும். அவரால் முடியவில்லை. 'சரிங்க சாமி' என்ற குரல் காதுக்குள் கேட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நற்கருணைத் திருநாள் ஊர்வலம். ஊரே தெருவில், கோயில் காலி. எப்போதும் சாமிக்கு மேலே பந்தல் பிடிக்கிற கயிற்றுக்காரர்கள் அன்று வரவில்லை. கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வேறு ஆட்களை வைத்து ஊர்வலத்தை முடித்தார். அதற்கடுத்த நாள் ஸ்கர்பெல்லி வண்டியில் வந்து இறங்கிவிட்டார். மட்டம் பார்ப்பது அப்படியே நின்றது.

நீண்ட பகலன்று வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கோயிலுக்குள் கூட்டம். வெயில் வட்டம் தரையில் தெரிய ஜன்னல்களுக்கெல்லாம் துணி கட்டியாயிற்று. கோயில்பிள்ளை நத்தாலே சாமியின் காதருகே வந்து, "கயித்துக்காரம்மா வரலையே சாமி. செர்ரிக்கு நாக்கு ஊறிப்போய்க் கெடக்கேன்" என்றான்.

"பேசாம நில்லுடா."

அவள் வராதது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கோபத்தில் பிள்ளையின் நாளைக்கூட விட்டுவிட்டாளே என்று ஒரு குறையும் இருந்தது.

ஸ்கர்பெல்லி பட்டையருகே மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மட்டம் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"பாத்தாச்சு" என்றார் செவேரோ சாமி.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. வாயிலிருந்து தானாக வந்தது. பீடத்துக்கு முன்னால், ஞானப்பிள்ளையின் கல்லின் மேல் நின்றுகொண்டு சொன்னார். உடனே திருத்தியிருக்கலாம். அதற்குள் வட்டம் வந்துவிட்டது. கல்லின் மேல் ஏறி, பட்டையைத் தொட்டு, தாண்டியது. இரண்டு பேரும் அது தாண்டிய இடத்தை ஊசியால் குறித்தார்கள். நத்தாலே மணிக் கயிற்றை இழுத்தான்.

ஸ்கர்பெல்லி கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். பிறகு எழுந்து செவேரோ சாமியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "நீங்க சொன்னதுதான்யா சரி. எறங்கியிருக்கு. குருவி இல்லய்யா நீங்க, கழுகு!" கூட்டம் கைதட்டியது. வாத்துக்கறி விருந்து நடந்தது. சாமி கொஞ்சம் அதிகமாகவே குடித்தார்.

விருந்தாளிகள் போன மறுநாள் அவருக்கு அந்த ஒற்றை வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் போகிறது, இப்போதாவது மட்டத்தைப் பார்த்துவிடுவோம் என்று செம்பை எடுத்துக்கொண்டு போனார். மெங்கீனாவின் கல்லில் கண்ணை மூடிக்கொண்டு மண்டியிட்டார். தண்ணீர் விட்டார். மற்ற கற்களில் பட்டும் படாமலும் ஓடிய தண்ணீர் அந்தக் கல்லில் மட்டும் தேங்கி நின்றது. அதிகமில்லை, நகக்கனம். அந்த நகக்கனம் போதும். சூரியன் இறங்கவில்லை. கல்தான் இறங்கியிருந்தது.

கல்லின் விளிம்பில் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சணல் இழை சிக்கிக்கொண்டிருந்தது.

கயிற்றுக்காரர்கள். ஊர்வலத்தன்று. ஊரே தெருவில் நின்றபோது கல்லைத் தூக்கி, கஸ்பரேயைப் பிள்ளையின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தார்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். கஸ்பரே பிள்ளையிடம் சேர்ந்துவிட்டான், நான் செய்த பாவம் தன்னால் கழுவப்பட்டுவிட்டது என்று கண்ணீர் விட்டார். அடுத்தாற்போல் வந்தது பயம். கல் தாழ்ந்திருக்கிறது என்று ஸ்கர்பெல்லிக்கு எழுதினால் ஏன் தாழ்ந்தது என்று கேட்பார். கல்லைத் தூக்கிப் பார்ப்பார்கள். அனுமதியில்லாமல் கோயில் தரையைத் தோண்டியதற்கு ஆயர் ஒர்சோலாவைத் திருச்சபையை விட்டே விலக்கி வைப்பார். கஸ்பரேயை மறுபடி வெளியே எடுப்பார்கள். கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. அவள் குடும்பத்துக்கு நான் செய்த துரோகத்துக்கு இதுதான் பரிகாரம்.

பரிகாரம் செய்தால் உடம்பு இளைக்க வேண்டும். இவர் பரிகாரத்தில் பெயர் வளர்ந்தது. ஸ்கர்பெல்லி அச்சுப்போட்ட புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ரொவெரெல்லா செவேரோ என்று இருந்தது. எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. ஊர்ச் சபை வெள்ளிக் கோப்பை கொடுத்தது. ஒவ்வொரு பாராட்டுக்கும் அவர் குமட்டல் வந்தவர்போல் விழித்தார். நாங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். பூசை முடிந்து எல்லோரும் போனபின் அந்தக் கல்லருகே போய் நிற்பார். "கஸ்பரே, மன்னிச்சுக்கப்பா" என்பார். "உனக்காகத்தான் பேசாம இருக்கேன்" என்பார். அந்தக் கல்லின் மேல் கால் படாமல் சுற்றிப் போவார். நத்தாலே அதைக் கவனித்து, "சாமி சூரியனுக்குக்கூட வழிவிட்டு நடக்குறாரு" என்று சாராயக் கடையில் சொல்லிச் சிரித்தான்.

நவம்பர் வந்தது. இறந்தோர் நாளன்று ஊரில் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒர்சோலா கோயிலுக்குள் வந்து கல்லின் மேல் ஏற்றுவாள், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று சாமி காத்திருந்தார். எனக்குத் தெரியும், தெரிந்தும் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் அவள் மறுபடி 'செவேரோ' என்று கூப்பிடுவாள் என்ற ஆசை அவருக்கு. மதியம் தாண்டியது. வரவில்லை. வெளியே தேடிப்போனார்.

அவள் ஆற்றங்கரையில் இருந்தாள். கஸ்பரேயைப் புதைத்த மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, பாதாம் பலகாரத்தை மடியில் வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தாள். மேட்டின் தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"வாங்க சாமி" என்றாள், எழுந்திருக்காமல்.

"இங்க எதுக்கும்மா ஏத்துற? யாராவது சந்தேகப்படக் கூடாதுன்னா? பயப்படாத. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்லத் தூக்கினது. ஊர்வலத்தன்னைக்கு. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல ஒர்சோலா. தொறந்தா உன்னைய ஆயர் விட்டு வைப்பாரா? கல்லு எறங்கி என் அளவு தப்பாப் போச்சு. நாடு பூரா அந்தப் பொய்ய மெச்சுது. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருக்கேன், உனக்காக. கஸ்பரே நிம்மதியா அங்க புள்ளகூட இருக்கட்டும்."

ஒர்சோலா பலகாரத்தை மென்று விழுங்கினாள். "அவரு இங்கதான் இருக்காரு" என்றாள், மேட்டைத் தட்டி.

"இங்கயா?"

"நீங்கதானே எறக்குனீங்க. மறந்துட்டீங்களா?"

"அப்போ கல்ல எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் அந்தச் சின்ன மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

"அவர உள்ள விடமாட்டேன்னுட்டீங்க. அதான் புள்ளைய வெளிய கூட்டியாந்துட்டேன்" என்றாள் ஒர்சோலா. "ஒரு கூடைகூட நெறையல சாமி. செர்ரிக் கூடையிலதான் தூக்கியாந்தேன்."

செவேரோ சாமி அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமாக அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது வெறும் குழியிடம். அவர் கால்படாமல் சுற்றிப்போனது காலிக் கல்லை. நீண்ட பகலன்று அவள் வராதது கோபத்தினால் அல்ல. வந்து பார்க்க அங்கே யாருமில்லை.

"நான் அவளுக்கு ஞானத்தகப்பன்" என்றார். "சூரியன் வந்து அவ மேல..."

"இங்க நாளெல்லாம் வெயில்தான். ஓட்ட வழியா வர வேண்டியதில்ல."

ஒர்சோலா மடியிலிருந்த பலகாரத் துணுக்குகளைத் தட்டிவிட்டுக் கேட்டாள்: "அளவு தப்புன்னு சொல்றதுக்கு என் பேரு எதுக்கு?"

"ஏன் எறங்குச்சுன்னு கேப்பாங்களேம்மா."

"மட்டம் பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்கலன்னு சொன்னாப் போதாதா? கல்லு ஏன் எறங்குச்சுன்னு யாரு கேக்கப் போறா. உங்களத்தான் ஏசுவாங்க."

மட்டம் பார்க்கவில்லை, பார்த்ததாகப் பொய் சொன்னேன் - இந்த ஒரு வரி போதுமாக இருந்தது. யாரும் கல்லைத் தூக்கியிருக்க மாட்டார்கள். இதுகூடவா அவருக்குத் தெரியாமல் போயிற்று? அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவருக்கு இரண்டு அறை கொடுக்கலாம் என்றுதான் தோன்றும்.

அந்த ஒரு வரியை ஸ்கர்பெல்லிக்கு எழுதினார். ஸ்கர்பெல்லி அவரைச் சும்மா விடவில்லை. குருவிக் கதை மறுபடி நாடெங்கும் சுற்றியது. வெள்ளிக் கோப்பையை ஊர்ச் சபையார் திரும்பக் கேட்க வெட்கப்பட்டார்கள். அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சூரியனின் எல்லை இறங்குவது உண்மைதான் என்று பின்னால் வந்தவர்கள் வேறு கோயில்களில் நன்றாகவே அளந்து சொன்னார்கள். அதில் அவர் பெயர் இல்லை.

அடுத்த நீண்ட பகல் வந்தது. நத்தாலே மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சாமி, உங்க ஆளு எறங்குற நேரமாச்சு" என்று குரல் கொடுத்தான். சாமி கோயிலில் இல்லை. அவர் ஒரு கூடைச் செர்ரியோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்.

ஒர்சோலா அங்கே இருந்தாள். அவளும் ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். சாமி தன் கூடையை மேட்டருகே வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றை எடுத்துத் தின்றுகூடப் பார்த்தாள்.

"ஒர்சோலா, ஒண்ணு கேப்பேன்" என்றார் அவர். "எனக்கும் வயசாச்சு. நான் போனப்புறம் இங்கதான், இவங்க கால்மாட்டுல எங்கயாவது ஒரு ஓரமா... எழுதி வச்சிடலாம்னு இருக்கேன். உன் சம்மதம் வேணும்."

அவள் வெகுநேரம் செர்ரிக் கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளங்கையில் துப்பினாள்.

"இங்க எடமில்லப்பா செவேரோ" என்றாள்.

அவர் ஓராண்டாக ஏங்கிக்கொண்டிருந்த பெயர் அது. இப்படியா அது திரும்ப வரவேண்டும்?

"இது மூணு பேருக்குத்தான். உள்ள நாங்க வாங்குனது சும்மாத்தானே கெடக்கு. அத நீ எடுத்துக்கோ. வருஷத்துக்கு ஒருநாள் சூரியனே வந்து மேல உக்காருமே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவர் அன்று சொன்னதைத்தான் அதே குரலில் திருப்பிச் சொன்னாள். நண்பகல் மணி அடித்தது. அவர் எழுந்து கோயிலுக்கு நடந்தார்.

ஒர்சோலா போய் ஆற்றங்கரையில் மூன்றாவது ஆளாகப் படுத்தபின், கிழவராகிவிட்ட சாமி இந்தக் கதையைத் தாமே எங்களுக்குச் சொன்னார். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னார். அவர் இறந்தபோது அவர் எழுதி வைத்தபடியே மெங்கீனாவின் கல்லைத் தூக்கினோம். உள்ளே ஒன்றுமில்லை. அவரை இறக்கினோம். மூன்று பேருக்கான இடத்தில் அவர் ஒருவர்தான் கிடக்கிறார். ஒவ்வொரு நீண்ட பகலன்றும் வெயில் வட்டம் தவறாமல் அவர்மேல் வந்து உட்காருகிறது. நாங்கள் பார்த்துவிட்டு மணி அடிக்கிறோம். செர்ரியை மட்டும் ஆற்றங்கரைக்குத்தான் கொண்டுபோகிறோம்.